ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவள்

சௌந்தரத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைப் பின்பக்கமாகத்தான் பழக்கம். விடியும் நேரத்தில் பின்பக்கக் கம்பிக் கதவைத் திறந்து, சமையல் கூடத்தின் பூட்டை எடுத்து, அடுப்பைப் பற்றவைப்பாள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து காலை உணவைச் சாப்பிட்டுக் கைகழுவி எழுந்ததும், அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அதே கதவு வழியாக வீட்டுக்குப் போய்விடுவாள். பிரார்த்தனை மணியைத் தெருவில் நடந்துகொண்டேதான் கேட்பாள். அதற்குப் பிறகு முன்பக்கத்தில் நடப்பதெல்லாம் மகள் இளமதி சாயங்காலம் வந்து சொன்னால் உண்டு.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்துகள் நின்று ஆள் ஏற்றிக்கொள்ளும் சின்ன ஊர் எங்களுடையது. காலையில் பேருந்து நிறுத்தத்தில் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் நிற்கும். அவற்றைத் தாண்டி உள்ளே போனால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியை தமிழ்ச்செல்வி, இளைய ஆசிரியை ரேகா, வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தால் அதிகம். காலை உணவு சமைக்க மகளிர் குழுவிலிருந்து ஆள் எடுத்தபோது, அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்க்குத்தான் வேலை என்றார்கள். தன் பிள்ளையும் அதைத்தான் சாப்பிடப் போகிறது என்றால் சமையல் ஒழுங்காக இருக்குமல்லவா. அப்படித்தான் சௌந்தரம் வந்தாள். இளமதி ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது அவளும் கரண்டியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

அவள் பிறந்தது கம்மாபுரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வெட்டு தொடங்கினால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள இவளும் போவாள். திரும்பிப் பள்ளிக்கு வரும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும். ‘உள்ளேன் ஐயா’ என்று எழுந்தால் வாத்தியார், “அடடே, விருந்தாளி வந்திருக்காங்க, நாற்காலி எடுத்துப் போடுங்க” என்பார். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். எட்டாம் வகுப்பில் ஒருமுறை கரும்புக்குப் போனவள் திரும்பி வகுப்புக்கு வரவில்லை.

கணவன் பக்கிரி, சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் மூட்டை ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளி. அதிகம் பேசாத, ஆனால் பேசினால் சிரிக்க வைக்கிற ஆள். இளமதி தவழும் பருவத்தில் ஜுரம் முற்றி ஜன்னி கண்டது. பிழைத்ததே பெரிய காரியம் என்றார்கள். அப்புறம் நடந்தாள், பேசினாள், எல்லாம் மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் தாமதமாக. எழுத்து மட்டும் அவளிடம் தங்கவில்லை. காலையில் பழகிய ‘ப’ மத்தியானம் முன்பின் தெரியாத ஆளாகிவிடும். அவர்கள் வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாக உட்கார வைப்பார்கள். வாசிக்க வர வர அடுத்த குழுவுக்குப் போகலாம். கூட இருந்தவர்கள் எல்லாம் எழுந்து மொட்டுக்கும் மலருக்கும் போனார்கள். இளமதி அரும்பிலேயே இருந்தாள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. “எங்க குரூப்புல எடம் ஜாஸ்திம்மா, கால நீட்டி உக்காரலாம்” என்பாள்.

ஒன்றில் மட்டும் அவளை யாராலும் மிஞ்ச முடியவில்லை. முதல் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவள் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. இருட்டு பிரியும்போதே அம்மாவோடு வந்துவிடுவாள். தட்டுகளைக் கழுவி வரிசையாக வைப்பாள். மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் பக்கிரி தோளில் தூக்கி வந்து இறக்கிவிடுவான். தமிழ்ச்செல்வி டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் ஓடிப்போய் எதிரே நின்று, “இன்னைக்கும் வந்துட்டேன் டீச்சர்” என்பாள்.

“வந்துட்டியா? நீ வரலன்னா நான் பள்ளிக்கூடத்தையே பூட்டிடுவேன்டி” என்பார் டீச்சர்.

தினமும் இதே பேச்சுதான். இருவருக்கும் அலுக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பு தொடங்கியபோது டீச்சர் காலைக் கூட்டத்தில் ஒன்றை அறிவித்தார். ஐந்து வருடமும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழா மேடையில் கேடயம். வாசிப்புக்கும் கணக்குக்கும் நடனத்துக்கும் பரிசு எப்போதும் உண்டு, இது புதிது. டீச்சர் அதை யாருக்காக யோசித்தார் என்று ரேகா டீச்சருக்குத் தெரியும். சொல்லாமலே சௌந்தரத்துக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் கிச்சடியில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் ஒத்திகை நடக்க ஆரம்பித்தது. பக்கிரி வேலை முடிந்து வந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டுதான் கேடயம்.

“அடுத்ததாக, ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவி, செல்வி இளமதி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!”

இளமதி அடுப்படியிலிருந்து கைகளை வீசி நடந்து வருவாள்.

“ரெண்டு கையால வாங்கு. வணக்கம் சொல்லு.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். நான்தான கலெக்டரு.”

“நீ அப்பா.”

“வூட்டுலதான் அப்பா. மேடையில கலெக்டரு.”

“கலெக்டரு லுங்கியா கட்டுவாரு?”

சௌந்தரம் சிரித்துச் சிரித்து வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, போட்டோ எடுப்பதற்காக இளமதி கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பாள். யாரும் எடுக்க மாட்டார்கள். இருந்தாலும் நிற்பாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒன்றிய அளவில் தலைமையாசிரியர் கூட்டம் நடந்தது. பிள்ளைகளுக்கு எவ்வளவு வாசிக்க, கணக்குப் போட வருகிறது என்று பார்க்கும் முந்தைய வருட அடைவுத் தேர்வில் ஒவ்வொரு பள்ளியும் எந்த நிலையில் இருக்கிறது என்று திரையில் போட்டுக் காட்டினார்களாம். எங்கள் பள்ளி அடியில், சிவப்பில் இருந்தது. எல்லோர் முன்னாலும் டீச்சரை எழுந்து நிற்கச் சொல்லிக் காரணம் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை உணவைச் சுவை பார்க்க வந்த டீச்சர், தட்டைக் கையில் வைத்தபடியே ரேகாவிடம் சொன்னார்.

“கிளாஸ்ல இருக்கிறதே பத்து புள்ளைங்க. ஒண்ணு வெறும் தாள நீட்டிச்சுன்னா மொத்த சராசரியும் உக்காந்துடுது. இத நான் யாருக்குப் போயி வெளக்குறது?”

அவர் யார் பேரையும் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிடாமல் வைத்துவிட்டுப் போனார். அடுப்படியில் நின்ற சௌந்தரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. குழுவில் கண்ணாயிரம் என்று ஒருவர். நிறுத்தத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருப்பவர். அவர் மகள் சுவேதா மலர் குழுவில் முதலாவதாக இருக்கும் பெண். தேநீர் கொடுக்க வந்த சௌந்தரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“எம்மா, உன் பொண்ணு தட்ட காலி பண்ணா நமக்கு சந்தோஷம். தாளயும்ல காலியா வெச்சுட்டு வருது!”

குழுவில் சிலர் சிரித்தார்கள். “விடுங்க கண்ணாயிரம், சின்னப் புள்ள” என்றார் டீச்சர்.

“கேலிக்குத்தான் டீச்சர் சொன்னேன். ஆனா மார்க்கு எல்லாத்துக்கும் சேத்துதான வருது? எம் பொண்ணும் அதே கிளாஸ்லதான் உக்காந்திருக்கா.”

சௌந்தரம் தம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அடைவுத் தேர்வு ஒரு புதன்கிழமை வந்தது. பக்கிரியின் அக்கா செல்லாயி முந்தின நாள் வந்து தங்கியிருந்தாள். சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் பூ விற்பவள். விடிந்ததும் சௌந்தரம் வழக்கம்போல இளமதியோடு போய்ப் பொங்கலும் சாம்பாரும் வைத்தாள். வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்தவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். டீச்சர் அவர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தபோது, இளமதி இடையில் புகுந்து, “இன்னைக்கும் வந்துட்டேன் டீச்சர்” என்றாள். டீச்சர் திரும்பாமலே அவள் தலையில் கை வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

பிள்ளைகள் சாப்பிட்டார்கள். இளமதியும் சாப்பிட்டாள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சௌந்தரம் தன் செல்போனில் ஏற்றினாள். தினமும் அவள் செய்வதுதான். டீச்சரும் தினமும் அவளிடம்தான் முதலில் கேட்பார்: “இன்னைக்கு எத்தன பேரு வந்திருக்காங்க சௌந்தரம்?” அவள் சொல்வாள். தன் காலத்தில் பேர் கூப்பிட்டார்கள். இப்போது எல்லாம் போனிலேயே போய்விடுகிறது என்று அவள் நினைத்திருந்தாள். போனில் போட்டவள் அவள்தானே. மணி அடித்த பிறகு வகுப்பில் டீச்சரும் தன் போனைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து வருகை போடுவார் என்பது, மணிக்கு முன்பே தெருவில் இறங்கிவிடுகிற அவளுக்குத் தெரியவில்லை.

பின்பக்கக் கதவருகே செல்லாயி பூக்கூடையோடு நின்றாள்.

“புள்ளையையும் கூட்டிட்டுப் போங்க அண்ணி. சாயங்காலமா அவுங்க வந்து கூட்டியாந்துடுவாங்க” என்றாள் சௌந்தரம்.

“இன்னைக்கா? எம் பொண்ணு லீவே போடாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்குவ?”

“லீவு இல்ல அண்ணி. வந்தா, சாப்ட்டா, நான் கணக்கு ஏத்திட்டேன். வந்த கணக்குதான்.”

இளமதி பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பரிச்சை இருக்குதும்மா. ரேகா டீச்சர் புதுப் பென்சில் தருவாங்க.”

“நீதான் வந்துட்டியே. போ, அத்தை தேர் நிக்கிற எடமெல்லாம் காட்டுவாங்க.”

“கேடயம்?”

“அது எங்க போவுது? உனக்குத்தான்.”

அம்மா சொன்னால் சரி. அவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். கடை திறந்துகொண்டிருந்த கண்ணாயிரம் அவர்கள் பேருந்து ஏறுவதைப் பார்த்தார். சௌந்தரம் அண்டாவைத் தேய்த்தாள். வெகு நாளாகச் செய்ய நினைத்த உதவி ஒன்றைச் செய்துவிட்டதுபோல் அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் டீச்சரின் ஸ்கூட்டி வந்து நின்றது.

“இளமதி எங்க? காலையில எங்கிட்ட வந்து நின்னா. கிளாஸ்ல பாத்தா ஆளக் காணோம்.”

“அவுங்க அத்தையோட சிதம்பரம் அனுப்பிட்டேன் டீச்சர்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “நீங்க கவலப்படாதீங்க. யாருக்கும் தெரியாது.”

டீச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஸ்கூட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நான் சொன்னனா? அவள அனுப்பிடுன்னு என் வாயால ஒரு வார்த்த சொன்னனா?”

“சொல்லல டீச்சர். நீங்க அன்னைக்கி சாப்புடாம போனீங்க.”

“அதுக்காக?” டீச்சர் தன் போனை எடுத்துக் காட்டினார். “வந்தவுங்க பக்கத்துல நின்னாங்க. அவ எடம் காலியா கெடந்துது. வரலன்னு போட்டுட்டேன் சௌந்தரம்.”

“நான் வந்த கணக்குல ஏத்தியிருக்கேனே.”

“அது சாப்ட்ட கணக்கு. வருகைன்னு போடுறது வேற. அத நான்தான் போடணும்.”

சௌந்தரம் வாசலை விட்டு இறங்கி வந்தாள். “இப்ப மாத்திப் போட்டுடுங்களேன்.”

டீச்சர் பதில் சொல்வதற்குள் பக்கிரியின் சைக்கிளில் இளமதி வந்து இறங்கினாள். தலை நிறைய மல்லிகை. கையில் ரப்பர் வளையல். டீச்சரைத் தன் வீட்டில் பார்த்ததும் அவளுக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி.

“டீச்சர்! நாளைக்கும் வருவேன்!” என்றாள்.

போனில் ஒருமுறை போன வருகையை மாற்ற வழியில்லை. அடுத்து வந்த நாட்களில் டீச்சர் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். ஆண்டு விழா பற்றிப் பேசக் குழு கூடியபோது, கேடயம் இரண்டாக இருக்கட்டும், சுவேதாவுக்கு ஒன்று, இளமதிக்கு ஒன்று என்றார். சுவேதாவும் ஐந்து வருடம் தவறாமல் வந்தவள்தான்.

கண்ணாயிரம் ஒத்துக்கொள்ளவில்லை. “எம் பொண்ணு ஜுரத்தோட மாத்திரை போட்டுட்டு வந்து உக்காந்தா டீச்சர். பரிச்சை அன்னைக்கி பஸ் ஏறி ஊரு சுத்தப் போன புள்ளைக்கும் அதே கேடயமா? எங்கண்ணால பாத்தேன். என்னா காரணம்னு சொல்லுங்க, கேட்டுக்குறேன்.”

காரணத்தைச் சொன்னால், தேர்வு நாளில் படிக்காத பிள்ளையை ஒளித்து வைத்த பள்ளி என்று பேர் வரும். ‘டீச்சர் சொன்னார், சமையல்காரி செய்தாள்’ என்றுதான் ஊர் பேசும். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே தேநீர்த் தட்டோடு நின்றிருந்த சௌந்தரமும் ஒன்றும் சொல்லவில்லை. இருவரில் ஒருவர் வாய் திறந்திருந்தால் அந்தக் கேடயம் இளமதிக்கு வந்திருக்கலாம். அவளைத் தவிர மற்ற எல்லோரையும் காப்பாற்றியது அந்த மௌனம்.

வீட்டில் ஒத்திகை நிற்கவில்லை. “சொல்லிடு சௌந்தரம்” என்றான் பக்கிரி. “நாளைக்கு” என்றாள் அவள். அவன் கலெக்டராக நிற்பதை விட்டுவிட்டான். வேலை அசதி என்றான். இளமதி தட்டைத் தானே சுவரில் சாய்த்து வைத்து, தானே எடுத்து, நெஞ்சோடு பிடித்து நின்றாள்.

ஆண்டு விழாவுக்குப் பள்ளி முற்றத்தில் பந்தல் போட்டு, மேசைகளைச் சேர்த்து மேடை கட்டியிருந்தார்கள். சாயங்கால வெயில் பந்தலுக்குக் கீழே புகுந்தது. எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் போயிருந்தோம். சௌந்தரம் முதல் முறையாக முன்பக்கக் கதவு வழியாக வந்தாள், கல்யாணப் புடவையில். காலை முழுக்க இளமதியிடம் சொல்ல வாய் எடுத்து, தலை பின்னி, பொட்டு வைத்து, சொல்லாமலே கூட்டி வந்திருந்தாள். டீச்சர் எப்படியாவது ஏதாவது செய்துவிடுவார் என்று ஒரு நினைப்பு.

நடனங்கள் முடிந்தன. சுவேதா மூன்று பரிசு வாங்கினாள். பிறகு ரேகா டீச்சர் மைக்கில், “அடுத்ததாக, ஐந்து ஆண்டுகளும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவி…” என்று தொடங்கினார்.

பேர் வருவதற்கு முன்பே இளமதி எழுந்துவிட்டாள். வீட்டில் நடந்தது போலவே கைகளை வீசி நடந்தாள். படிக்குப் பதிலாகப் போட்டிருந்த பெஞ்சில் ஏறி, மேடையில் போய் விருந்தினர் முன்னால் நின்று, வணக்கம் சொல்லி, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

மைக்கில் சுவேதாவின் பேர் கேட்டது.

சுவேதா மேடைக்கு வந்து இவளுக்குப் பின்னால் நின்றாள். கையில் கேடயத்தோடு இருந்த விருந்தினர் இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பந்தலில் யாரோ சிரித்தார்கள். “நீ இல்லடி, எறங்கு” என்று ஒரு குரல். டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார். இளமதி நீட்டிய கையை மடக்கவில்லை. விருந்தினருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவளே சொன்னாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“நான்தான் சார் தெனமும் வருவேன்.”

சௌந்தரம் மேடை ஏறினாள். புடவை பெஞ்சில் மாட்டிக் கிழிந்தது. நீட்டியிருந்த இரண்டு கைகளையும் தன் ஒரு கையில் பிடித்து மகளைக் கீழே கூட்டி வந்தாள். முன்பக்கக் கதவு வரைக்கும் போக முடியவில்லை. எல்லோர் முகத்தையும் கடக்க வேண்டும். பின்பக்கம் சமையல் கூடத்துக்குக் கூட்டிப் போய்க் கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார வைத்தாள்.

“நான் தெனமும் வந்தேன்லம்மா?”

“வந்த.”

“டீச்சருக்கு மறந்துடுச்சா?”

“இல்லடா. பரிச்சை அன்னைக்கி நீ இல்ல.”

“வந்தேனே. பொங்கல் சாப்ட்டேனே.”

“வந்த. நாந்தான் போவச் சொன்னேன்.”

இளமதி யோசித்தாள். “ஏன்?”

சௌந்தரம் அவள் நெற்றியில் கலைந்த முடியை ஒதுக்கினாள். மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். வெளியே நாட்டுப்பண் பாடினார்கள். இளமதி அவளை விலக்கிவிட்டு எழுந்து நேராக நின்றாள். பாட்டு முடியும் வரை அசையவில்லை.

கோடை விடுமுறைக்கு முன்பே அடைவுத் தேர்வு முடிவு வந்தது. பள்ளி சிவப்பிலிருந்து மேலே ஏறிவிட்டது. டீச்சர் அந்தச் செய்தியைச் சமையல் கூடத்துப் பக்கம் கொண்டு வரவில்லை. கடைசி நாளில் கடையில் வாங்கிய ஒரு கேடயத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தார். இளமதி பிரித்துப் பார்த்துவிட்டு, “இது மேடையில குடுக்கலையே டீச்சர்” என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது அந்த அடுப்பில் வேறொரு தாய் சமைக்கிறாள். சௌந்தரம் சிதம்பரத்தில் ஒரு மெஸ்ஸில் காலை வேலைக்குப் போகிறாள். இளமதி அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. காலையில் தெருவில் தண்ணீர் பிடிக்கும்போது அவர்கள் வீட்டுப் பேச்சு எங்களுக்குக் கேட்கும். அந்தப் பெண் சீருடை போட்டு, பையை மாட்டி, செருப்பும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். இறங்கிப் போக மாட்டாள். உள்ளே திரும்பிக் கேட்பாள்.

“இன்னைக்கு நான் போலாமாம்மா?”

தினமும் கேட்கிறாள். தினமும் சௌந்தரம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, “போலாம்டா, போ” என்கிறாள்.